கிறிஸ்துமஸ் காற்றோடு தெற்கே: கிரெனடைன்ஸ் பாய்ப்படகுப் பயணத்தின் கடைசி நாட்கள்

பெப்ரவரி 5, டொபேகோ கீஸ்

இரவு இரண்டு மணிக்குப் பிறகு, ரொறன்ரோவிலிருந்து கரீபியக் கடலுக்கு வந்த எங்கள் ஐந்து பேரில் யாரும் படகில் தூங்கவில்லை. நிலா நடுச்சாமத்திலேயே இறங்கிவிட்டதால் கும்மிருட்டு. முதலில் கயிறுகள் பாய்மரத்தில் படபடவென்று அடிக்கும் சத்தம் கூடியது, பிறகு மழை சரிந்து முகத்தில் குத்தியது. கஜன் முன்தட்டுக்கு ஓடி டோர்ச் அடித்துப் பார்த்தபோது எங்களுக்கு முன்னால் நின்ற படகின் உச்சி விளக்கு கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிக்கொண்டு வந்தது. அவர்களுடைய நங்கூரம் மணலை விட்டுக் கழன்றுவிட்டது. படகு பக்கவாட்டில் திரும்பி எங்கள் மேல் வருகிறது, உள்ளே இருக்கிறவர்களுக்கு அது தெரியாது. தர்ஷி விசில் ஊதினாள், ரமணன் அண்ணா தொண்டை கிழியக் கத்தினார், நானும் சுகந்தி அக்காவும் படகுகள் மோதாமல் இடையில் தொங்கவிடும் ரப்பர் ஃபெண்டர்களைத் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் ஓடினோம். கடைசியில் அங்கே ஒரு தலை தெரிந்தது, இன்ஜின் உறுமியது, எங்கள் இடது பக்கத்தில் ஒருமுறை நசுங்கி உரசிவிட்டு விலகிப் போனது. ஃபெண்டர் ஒன்று வெடித்தது. வேறு சேதம் இல்லை. அந்தப் படகு விடியும்வரை மற்றப் படகுகளுக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது, மறுபடி நங்கூரம் போட அவர்களுக்குத் தைரியம் வரவில்லைபோல.

டொபேகோ கீஸ் என்பது கிரெனடைன்ஸ் தீவுத்தொடரில் ஆளில்லாத குட்டித் தீவுகளின் கூட்டம், இடத்தின் அமைப்பு அப்படி. முன்னால் குதிரை லாட வடிவில் ஒரு பவளப்பாறை, அதற்கு அப்பால் ஆபிரிக்கா வரைக்கும் வெறும் கடல். பாறை அலையைத் தடுத்துவிடும், காற்றைத் தடுக்க ஒரு பனைமரம்கூட இல்லை. மார்கழியில் தொடங்கி மாசி வரை கிழக்கிலிருந்து இந்தக் காற்று பலத்து அடிக்கும், இருபது இருபத்தைந்து நொட் (மணிக்கு இத்தனை கடல்மைல்) என்பது சாதாரணம். இந்தப் பக்கம் அதற்குக் கிறிஸ்துமஸ் காற்று என்று பெயர். செயின்ட் வின்சென்டில் வாடகைக்குப் படகு எடுத்த நாளிலிருந்து அது ஓயவே இல்லை. வழியில் பெக்வே, மைரோ தீவுகளில் அதை ரசித்தோம். இப்போது எல்லோருக்கும் காதுக்குள் அதே இரைச்சல்.

காலை ஏழு மணிக்கு அந்தப் படகுக்காரர் டிங்கியில், கரைக்குப் போய்வரும் சின்னப் படகில், வந்தார். மார்த்தினிக்கைச் சேர்ந்த பிரெஞ்சுக்காரர், தலை முழுக்க நரைத்தவர். முதலில் எங்கள் ஒவ்வொருவரையும் பார்த்து அடிபட்டதா என்று கேட்டார். பிறகு டிங்கியை எங்கள் இடப்பக்கத்தோடு அணைத்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, உள்ளங்கையால் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை தடவிக்கொண்டே போனார். ஓர் இடத்தில் நின்று ஈரத் துணியால் துடைத்தார், அது வெறும் ரப்பர் கறை. அதற்குப் பிறகுதான் அவர் முகம் தெளிந்தது. வெடித்த ஃபெண்டருக்குப் பதிலாகத் தன்னுடையது ஒன்றைத் தந்துவிட்டு, ஒரு போத்தல் ரம்மும் தந்தார். சுகந்தி அக்கா அவரைத் தேநீர் குடிக்காமல் போகவிடவில்லை. ரொட்டியும் கட்டைச் சம்பலும் சாப்பிட்டார், கண்ணில் தண்ணீர் வந்தும் இரண்டாவது ரொட்டி கேட்டு வாங்கினார்.

பகலில் பரடால் தீவின் முன்னால் ஆமைகளோடு நீந்தினோம். அங்கே மிதவை கட்டி எல்லை போட்டிருக்கிறார்கள், அதற்குள் டிங்கி போகக்கூடாது. பச்சை ஆமைகள் கடற்புல்லை மேய்ந்துகொண்டு நம்மைக் கண்டுகொள்வதே இல்லை. மூச்சுக்கு மேலே வரும்போது மட்டும் தலையைத் திருப்பி ஒரு பார்வை.

மாலையில் பெட்டி பட்டோ தீவின் கரையில் சிங்கி இறால் சுட்டுத் தருகிறார்கள். பகலில் படகு படகாக வந்து ஓடர் எடுப்பார்கள், தலைக்கு 130 கிழக்குக் கரீபிய டொலர். (ஒரு அமெரிக்க டொலருக்கு 2.70, எப்போதும் மாறாது. எங்கள் கனடாக் காசில் கிட்டத்தட்ட எழுபது.) இரண்டாகப் பிளந்து பூண்டும் வெண்ணெயும் தடவிய இறால், சுட்ட வாழைப்பழம், சோறு, கொஞ்சம் சலாட். விலை கூடத்தான். ஆனால் அடுப்படியில் நின்றவர் யூனியன் தீவுக்காரர், வீட்டுக் கூரை இன்னும் பாதிதான் போட்டிருக்கிறதாம். இந்த சீசனில் கிடைப்பதை வைத்து மீதியைப் போட்டுவிடுவேன் என்றார். அதன் பிறகு எங்களில் ஒருவரும் விலை பற்றிக் கதைக்கவில்லை.

பெப்ரவரி 6, கிளிஃப்டன், யூனியன் தீவு

டொபேகோ கீஸிலிருந்து யூனியன் ஒரு மணி நேர ஓட்டம்தான். தூரத்திலிருந்து பார்த்தால் அழகான மலைத்தீவு. கிட்ட வரவர மலையில் நீல நிறத் தார்ப்பாய்கள் தெரியத் தொடங்கின. 2024 ஜூலை 1ஆம் திகதி பெரில் சூறாவளி நான்காம் வகையாக கரியாக்குவில் கரை ஏறியது. யூனியன் அதற்கு அடுத்த தீவு, சில மைல் தூரம். இங்கே பத்து வீட்டில் ஒன்பது உடைந்துவிட்டது என்று அப்போதே செய்திகளில் படித்திருந்தோம். ஏழு மாதம் கழித்து நேரில் பார்க்கும்போது அந்தக் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. ஒரு வீட்டில் மூன்று சுவர் நிற்கிறது, உள்ளே குளியலறை ஓடு பளபளக்கிறது, படிக்கட்டு ஏறி வெறும் வானத்தில் முடிகிறது. பக்கத்து வீட்டில் புதுத் தகரம், புதுப் பெயின்ட், வாசலில் செம்பருத்தி. தெரு முழுக்கச் சுத்தியல் சத்தம்.

ரமணன் அண்ணா மரக்கறிக் கடைக்கு நேரே போய்த் தக்காளி என்ன விலை என்று கேட்டார். கடைக்கார அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்து, "குட் மோர்னிங்" என்றார். கோபம் இல்லை, ஆனால் விட்டுக்கொடுக்கிற குரலும் இல்லை. அண்ணாவுக்கு விளங்கிவிட்டது, தொப்பியைக் கழற்றிவிட்டு அவரும் காலை வணக்கம் சொன்னார். அதன் பிறகுதான் விலை வந்தது. இந்தத் தீவுகளில் கடையோ பஸ்ஸோ வழியில் எதிர்ப்படும் பள்ளிப்பிள்ளையோ, வணக்கம் சொல்லாமல் எதையும் தொடங்கக்கூடாது. ரொறன்ரோவில் லிஃப்டுக்குள் பக்கத்து வீட்டுக்காரரின் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிற எங்களுக்கு இது நல்ல பழக்கம். தக்காளி இறாத்தல் எட்டு டொலர், ஒரு அன்னாசி பதினைந்து, ஐஸ் ஒரு பை பத்து. எல்லாம் பெரிய தீவிலிருந்து படகில் வருகிறது, விலை அப்படித்தான் இருக்கும்.

மத்தியானம் ஒரு மேசையும் குடையும் வைத்து ரொட்டி விற்கிற பெண்ணிடம் போய் நின்றோம். கரீபியன் ரொட்டி என்றால் பெரிய மெல்லிய ரொட்டிக்குள் கோழிக்கறி, உருளைக்கிழங்கு, கடலை எல்லாம் வைத்துப் பொட்டலம்போல மடித்துத் தருவது. அவர் செயின்ட் வின்சென்டில் கால்டர் ஊரைச் சேர்ந்தவர். எங்கள் முகத்தைப் பார்த்து, நீங்கள் இந்தியாவா என்று கேட்டார். இல்லை, இலங்கைத் தமிழர், இப்போது கனடா என்றோம். தமிழ் என்றதும் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். தன்னுடைய ஆட்கள் மதராஸ் கப்பலில் வந்தவர்கள் என்று சின்ன வயதில் சொல்லிக் கேட்டிருக்கிறாராம். ட்ராவன்கோர் என்ற கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளோடு 1861 ஜூன் 1ஆம் திகதி செயின்ட் வின்சென்டுக்கு வந்தது, கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய. இப்போது அந்த நாளை அங்கே இந்தியர் வருகை தினமாகக் கொண்டாடுகிறார்கள். அவருக்கு ஒரு தமிழ்ச் சொல்லும் தெரியாது, குடும்பப் பெயர் ஆங்கிலப் பெயர், ஞாயிறு தோறும் சேர்ச். ஆனால் கறிக்கு வெங்காயத்தை எந்தப் பதத்தில் வதக்க வேண்டும் என்று சுகந்தி அக்காவும் அவரும் அரை மணி நேரம் கதைத்தார்கள். பின்னால் நின்றவர்கள் பொறுமையாகக் காத்திருந்தார்கள், ஒருவர் தானும் கருத்துச் சொன்னார்.

அக்கா படகுக்குத் திரும்பி, ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வறுத்து இடித்துக் கொண்டுவந்த கறித்தூளில் மிச்சம் இருந்த பையை எடுத்துக்கொண்டு மறுபடி கரைக்குப் போனார். அந்தப் பெண் பையைத் திறந்து முகர்ந்தார். பிறகு ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தார், சீரகம் தெரிகிறது, மற்றது என்ன என்று கேட்டார். பெருஞ்சீரகமும் வறுத்த மல்லியும் என்றார் அக்கா. அந்தப் பெண் ரொட்டிக்குக் காசு வாங்க மறுத்தார். நாங்கள் வற்புறுத்திக் கொடுத்தோம்.

பெப்ரவரி 7, டிரல் பே, கரியாக்கு

செயின்ட் வின்சென்ட் நாட்டை விட்டுக் கிளம்புகிற முத்திரையைக் கிளிஃப்டனில் குத்திக்கொண்டு, நாட்டுக்குள் நுழையும் பதிவு இன்னும் முடியவில்லை என்று காட்டும் மஞ்சள் கொடியை ஏற்றிக்கொண்டு கிரெனேடா நாட்டுக்குள் வந்தோம். கரியாக்கு கிரெனேடாவைச் சேர்ந்தது. ஆனால் இன்று பெப்ரவரி 7, கிரெனேடாவின் சுதந்திர தினம், 1974இல் பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்ற நாள். பொது விடுமுறை. குடிவரவு அலுவலகம் பூட்டியிருந்தது, கதவில் ஒரு தொலைபேசி எண். அழைத்தோம், ஒரு மணி நேரத்தில் வருகிறேன் என்றார் ஒருவர். சிவப்பு, மஞ்சள், பச்சை போட்ட சேர்ட்டோடு, அப்போதுதான் சாப்பாட்டிலிருந்து எழுந்து வந்த கையோடு வந்து, கதவைத் திறந்து, மேலதிக நேரக் கட்டணத்துக்கு ஒழுங்காகப் பற்றுச்சீட்டு எழுதித் தந்தார். நாங்கள் மன்னிப்புக் கேட்க, இன்று வந்ததுதான் நல்லது, கடற்கரைக்குப் போங்கள், சட்டி வைத்திருக்கிறார்கள் என்றார்.

அதற்குள் படகில் காஸ் தீர்ந்துவிட்டது. மத்தியானச் சோறு பாதியில் நின்றது, விடுமுறை நாளில் சிலிண்டர் மாற்ற இடம் இல்லை. வேறு வழியில்லாமல் எல்லோரும் கரைக்குப் போனோம்.

மரத்துக்குக் கீழே மூன்று கல்லில் ஒரு பெரிய அலுமினியச் சட்டி. உள்ளே ஒயில் டவுன், கிரெனேடாவின் தேசிய உணவு. ஈரப்பலாக்காய், உப்பிட்ட இறைச்சி, கோழி, மஞ்சள், சேம்பு இலை, மாவுருண்டை எல்லாவற்றையும் அடுக்கடுக்காக வைத்துத் தேங்காய்ப்பால் ஊற்றி, பால் முழுக்க வற்றி அடியில் எண்ணெய் நிற்கும்வரை அவிய விடுவது. சமைத்தவர் மூடியைத் திறந்து காட்டினார். மேலே இலை, அதற்குக் கீழே மாவுருண்டை, அடியில் ஈரப்பலா மஞ்சள் ஊறித் தங்க நிறத்தில். அந்த வாசம் வந்ததும் தர்ஷி, "அம்மம்மா வீட்டு ஈரப்பலாக்கறி மாதிரி இருக்குதப்பா" என்றாள். தட்டுக்கு இருபது டொலர். நாங்கள் ஐந்து பேரும் ஒரு சொல் பேசாமல் சாப்பிட்டோம். பக்கத்தில் இருந்த ஒரு தாத்தா ஜாக் அயர்ன் ரம் ஊற்றிக் கொடுத்தார், அதில் போடும் ஐஸ்கட்டி மிதக்காமல் அடியில் போய் உட்காரும் என்று சொல்லி, போட்டும் காட்டினார். உட்கார்ந்தது.

இந்த வளைகுடாவின் ஒரு பக்கத்தில் கண்டல் காடு. புயல் வந்தால் படகுகள் ஒளிகிற இடம் அதுதான். பெரில் வருகிறது என்று தெரிந்ததும் நிறையப் படகுகள் அதற்குள் போய்க் கயிறு கட்டின. டிங்கியில் போய்ப் பார்த்தோம். கண்டல் இலை இல்லாமல் சாம்பல் நிறக் குச்சிகளாக நிற்கிறது, இடையிடையே கவிழ்ந்த படகுகளும் முறிந்த பாய்மரங்களும் இன்னும் கிடக்கின்றன. ஒரு படகின் பின்பக்கத்தில் பெயரும் பதிவு ஊரும் அழியாமல் இருந்தது. அதை வாசித்ததும் கஜன் இன்ஜினை நிறுத்திவிட்டான். கொஞ்ச நேரம் அப்படியே மிதந்துவிட்டுத் திரும்பினோம். அடிவேர்ப் பக்கம் சில இடங்களில் புதுப் பச்சைத் தளிர் வந்திருக்கிறது.

பெப்ரவரி 8, வின்ட்வர்ட் கிராமம்

இன்று கடலில் இறங்கவில்லை. கஜனுக்காக ஒரு நாள் நிலத்தில். மினிபஸ்ஸில் முதலில் ஹில்ஸ்பரோ, அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் வின்ட்வர்ட். பஸ்ஸுக்குள் ஏறும் ஒவ்வொருவரும் மொத்தப் பஸ்ஸுக்கும் வணக்கம் சொல்கிறார்கள், மொத்தப் பஸ்ஸும் திருப்பிச் சொல்கிறது. ஹில்ஸ்பரோவும் யூனியன் மாதிரித்தான் அடிபட்டிருக்கிறது. எங்களுக்கு முன்னால் இருந்த பாட்டி எந்தக் கட்டடம் என்னவாக இருந்தது என்று ஜன்னல் வழியாகக் காட்டிக்கொண்டே வந்தார்.

வின்ட்வர்ட், கரியாக்குவின் கிழக்குக் கரையில் மரப்படகு கட்டுகிற ஊர். 19ஆம் நூற்றாண்டில் ஸ்கொட்லாந்திலிருந்து வந்த கப்பல் தச்சர்கள் இங்கே குடியேறினார்கள், அவர்கள் வழியில் வந்தவர்கள் இன்றும் வரைபடம் இல்லாமல், கண்ணளவில், கடற்கரையிலேயே படகு கட்டுகிறார்கள். 2023இல் யுனெஸ்கோ இந்தக் கலையைத் தன் பட்டியலில் சேர்த்தது. நாங்கள் போனபோது கடலோரத்தில் ஒரு படகின் விலாக்கட்டைகள் மட்டும் நின்றன. வயதான தச்சர் ஒருவர் ஒரு வளைந்த கிளையைத் தோளில் சுமந்துவந்து இறக்கினார். மரத்தை வளைக்க மாட்டார்களாம், வேண்டிய வளைவு உள்ள கிளையைத் தேடி மலைக்குப் போவார்களாம். புயலில் மலையில் நிறைய மரம் விழுந்ததால் இப்போது தேடுவது கஷ்டம் என்றார். கிளையை விலாவோடு பொருத்திப் பார்த்தார், இறக்கினார், கைக்கோடரியால் விரல் நுனி அளவு செதுக்கினார், மறுபடி பொருத்தினார். பொருந்தும்வரை எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

கஜனின் தாத்தா வல்வெட்டித்துறை. அங்கே வேம்பிலும் இலுப்பையிலும் கப்பல் கட்டிப் பர்மா வரைக்கும் வணிகம் செய்தவர்கள் இருந்தார்கள். அந்த ஊரில் கட்டிய அன்னபூரணி என்ற இரட்டைப் பாய்மரக் கப்பலை ஓர் அமெரிக்கர் வாங்க, வல்வெட்டித்துறை மாலுமிகளே அதை அட்லாண்டிக்கைக் கடந்து ஓட்டிப்போய் 1938 ஓகஸ்ட்டில் மசாசுசெட்ஸின் குளொஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். கஜன் அதைத் தச்சரிடம் சொன்னான். அவர் கேட்ட முதல் கேள்வி, கப்பலின் அடிக்கட்டை எந்த மரம், பலகைக்கும் பலகைக்கும் இடையில் என்ன அடைத்தார்கள். தெரிந்ததைச் சொன்னான். தெரியாததற்கு அங்கிருந்தே ஸ்காபரோவுக்கு அழைத்து அவன் அம்மாவிடம் கேட்டான். அம்மா தன் தகப்பன் பருத்தித் திரியும் எண்ணெயும் பற்றிச் சொன்னதை அவன் மொழிபெயர்க்க, தச்சர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். இங்கேயும் பருத்திதான். படகு இறக்கும் நாளில் ஆடு வெட்டி ஊருக்கே சாப்பாடு போடுவோம், அதற்கு வா என்று கஜனை அழைத்தார். கஜன் திரும்பி வரும் வழியெல்லாம் பேசவே இல்லை. எனக்கு இந்தப் பயணத்தில் மிகப் பிடித்த நாள் இதுதான்.

பெப்ரவரி 9, கரியாக்குவிலிருந்து கிரெனேடா

முப்பது கடல்மைல். இந்தப் பயணத்தின் கடைசி நீண்ட ஓட்டம். காலை ஆறரைக்கு நங்கூரம் தூக்கினோம், பெரிய பாயை இரண்டு மடிப்பு சுருக்கியே ஏற்றினோம்.

வழியில் கிக்-எம்-ஜென்னி இருக்கிறது. கிரெனேடாவுக்கு வடக்கே எட்டுக் கிலோமீற்றரில், கடலுக்கு அடியில் உயிரோடு இருக்கும் எரிமலை. 1939இல் வெடித்தபோதுதான் அங்கே ஒன்று இருப்பதே வெளியே தெரிந்தது. அமைதியாக இருக்கும் காலத்திலும் அதைச் சுற்றி ஒன்றரைக் கிலோமீற்றருக்குள் படகு போகக்கூடாது, குமுறத் தொடங்கினால் அது ஐந்து கிலோமீற்றர். வெடிப்பைவிட வாயுதான் பயம். குமிழி நிறைந்த தண்ணீரின் அடர்த்தி குறைந்துவிடும், படகை அது தாங்காது. 1944 ஓகஸ்ட்டில் ஐலண்ட் குயீன் என்ற பாய்க்கப்பல் கிரெனேடாவிலிருந்து செயின்ட் வின்சென்டுக்கு அறுபதுக்கு மேற்பட்டவர்களோடு கிளம்பி, ஒரு தடயமும் இல்லாமல் போனது. இந்த எரிமலைதான் என்று சிலர், போர்க்காலத்து டார்பிடோ என்று சிலர். கஜன் வரைபடத்தில் சிவப்பு வட்டத்தைக் காட்டி, அதற்கு வெளியே நன்றாக ஒதுங்கி ஓட்டினான்.

ஆனால் எங்களை வாட்டியது எரிமலை இல்லை, இரண்டு தீவுகளுக்கும் இடையில் உள்ள கடல்தான். அட்லாண்டிக் அலை பக்கவாட்டில் வந்து, அதற்கு மேல் எதிர் நீரோட்டம். அலமாரிக் கதவு கழன்று சாப்பாட்டுத் தட்டு ஒன்று உடைந்தது. சுகந்தி அக்கா பின்தட்டில் வாளியைப் பிடித்தபடி இஞ்சித்துண்டை மென்றுகொண்டு மூன்று மணி நேரம் கண்ணைத் திறக்கவில்லை. ரமணன் அண்ணா அவருடைய நெற்றியில் ஈரத்துணி வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார், தனக்குப் பசிக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை. நாற்பது வருடக் கலியாணம்.

கிரெனேடாவின் மேற்குக் கரைக்குள் வந்ததும் மலை காற்றை மறைத்துவிட்டது. பயணத்தில் முதல் தடவையாக அமைதி. பின்னால் விட்டிருந்த தூண்டிலில் அப்போதுதான் ஒரு சூரை பிடிபட்டது. டிரல் பேயில் சிலிண்டர் மாற்றியாயிற்று, கறித்தூள்தான் இல்லை. மிளகும் புளியும் உப்பும் போட்டு அவித்தோம், அக்கா எழுந்து உட்கார்ந்து இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார்.

இரவு செயின்ட் ஜோர்ஜஸுக்கு வெளியே நங்கூரமிட்டோம். மேற்கே வெள்ளி அவ்வளவு பிரகாசம், தண்ணீரில் அதன் கோடு விழுந்தது. தெற்கே அகத்திய நட்சத்திரம். கஜன் சொல்லித்தான் கவனித்தேன், இந்த ஊரும் புதுச்சேரியும் ஏறக்குறைய ஒரே அகலக்கோடு, இரண்டுமே பன்னிரண்டு பாகை. ரொறன்ரோவில் அகத்தியர் தொடுவானத்துக்கு மேலே வருவதே இல்லை. அப்பா சின்ன வயதில் முற்றத்தில் நின்று காட்டிய நட்சத்திரத்தை இத்தனை வருடம் கழித்து ஒரு படகின் மேல்தட்டில் படுத்துக்கொண்டு பார்க்கிறேன்.

பெப்ரவரி 10, செயின்ட் ஜோர்ஜஸ்

காலையில் ஒரு சண்டை. கஜனுக்கு இன்னும் ஒரு ஓட்டம் ஓடிவிட்டு முடிக்க ஆசை, ரமணன் அண்ணாவுக்கு ஆடாத கட்டில் வேண்டும். இத்தனை நாள் ஐந்து பேர் இரண்டு கழிப்பறை, ஈர உடை, உப்புப் பிடித்த தோல், குளிக்கத் தண்ணீர் அளந்து அளந்து. குரல் உயர்ந்துவிட்டது. தர்ஷி, "இரண்டு பேரும் கரைக்குப் போய்ச் சாமான் வாங்கிக்கொண்டு வாங்கோ" என்று டிங்கியில் ஏற்றி அனுப்பினாள். இரண்டு மணி நேரம் கழித்து ஒரு பை கொக்கோ உருண்டையோடு சிரித்துக்கொண்டு வந்தார்கள். கரையில் என்ன கதைத்தார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை.

மொலினியர் வளைகுடாவில் கடலடிச் சிற்பங்களைப் பார்த்தோம், 2006இல் வைத்தவை. கைகோத்து வட்டமாக நிற்கும் பிள்ளைகளின் முகத்தில் இப்போது பவளமும் கடற்பஞ்சும் வளர்ந்துவிட்டன. தண்ணீர் கலங்கல், அதிக நேரம் இருக்கவில்லை.

சந்தையில் சாதிக்காய் விற்கும் பாட்டி, காயைப் பிளந்து உள்ளே கொட்டையின் மேல் சிவப்பு வலைபோல ஒட்டியிருக்கும் வசுவாசியை உரித்துக் காட்டினார். இந்த நாட்டுக் கொடியிலேயே சாதிக்காய் இருக்கிறது. 2004இல் ஐவன் சூறாவளி வந்து பெரும்பாலான மரங்களைச் சாய்த்தது. புதுக்கன்று காய்க்க வருடக்கணக்காகும் என்று தெரிந்தும் மறுபடி நட்டார்கள். எங்கள் ஊரில் குழந்தைக்கு இதைக் கல்லில் உரைத்துக் கொடுப்போம் என்றேன். இங்கே கீல்வாதத்துக்குப் பூசுவோம் என்றார். ஒரு பை பத்து டொலர், கை நிறைய அள்ளி மேலும் போட்டார். மாலையில் ஜோர்ஜ் கோட்டைக்கு ஏறினோம். 1983 ஒக்டோபரில் பிரதமர் மொரிஸ் பிஷொப்பையும் கூட இருந்தவர்களையும் சுட்டுக் கொன்ற சுவர் அங்கே இருக்கிறது, பெயர்ப்பலகையோடு. நாளை மறுநாள் நாங்கள் விமானம் ஏறும் நிலையத்துக்கும் அவர் பெயர்தான்.

பெப்ரவரி 11, பிரிக்லி பே

தைப்பூசம். அதிகாலையிலேயே ஸ்காபரோவிலிருந்து கஜனின் அம்மா அழைத்தார், கோயிலுக்குப் போகிறோம், வீதி முழுக்கப் பனி, நாளைக்கு இன்னும் கொட்டுமாம், விமானம் வருமா பாருங்கோ என்று. நாங்கள் வியர்த்துக்கொண்டு படகைக் கழுவினோம். குளிர்ப்பெட்டியைக் காலி செய்தோம்: அரை முட்டைக்கோஸ், ஐந்து முட்டை, பருப்பு, மாங்காய் ஒன்று. எல்லாவற்றையும் சேர்த்துச் சமைத்ததில் அருமையான சாப்பாடு வந்தது. இன்றைக்கு மீனும் இறைச்சியும் இல்லை.

பக்கத்துப் படகில் ஒரு கனேடியத் தம்பதி, கியூபெக்காரர். கறிவாசம் பிடித்து வந்து விசாரித்தார்கள். இன்னும் மூன்று மாதம் கடலில் இருப்பார்களாம். நிலா எழும்பியதும் அவர்களும் எங்கள் பின்தட்டுக்கு வந்துவிட்டார்கள், அக்கா முருகன் பாட்டு இரண்டு பாடினார். பிறகு மார்த்தினிக்காரர் தந்த ரம்மைக் கஜன் எடுத்தான். பூசம் முடியட்டும் என்று அக்கா திருப்பி வாங்கி வைத்துவிட்டார்.

பெப்ரவரி 12, படகு ஒப்படைப்பு

ஒருவர் தண்ணீருக்குள் இறங்கி அடிப்பக்கம், சுக்கான், உந்துவிசிறி எல்லாம் பார்த்தார். இன்னொருவர் உள்ளே தட்டு, கரண்டி எண்ணினார். உடைந்த தட்டுக்கும் எங்கேயோ விழுந்த கைப்பிடி ஒன்றுக்கும் சேர்த்து முன்பணத்தில் 160 டொலர் கழித்தார்கள், நியாயமாகத்தான் இருந்தது. ஃபெண்டர் ஒன்று நிறம் மாறியிருப்பதை யாரும் கேட்கவில்லை, நாங்களே சொன்னோம்.

பொதுக்காசில் 340 கரீபிய டொலர் மிச்சம். பிரித்தால் ஆளுக்கு அறுபத்தெட்டு. பிரிக்கவில்லை. டொபேகோ கீஸில் இறால் சுட்டவர் எங்களுக்குத் தன் வாட்ஸப் எண் தந்திருந்தார். அவருடைய மைத்துனர் பெரிய படகு ஒன்றில் வாரம் இரண்டு தடவை கரியாக்கு வந்து போகிறவராம், கிரெனேடாவிலும் ஆள் இருக்கிறதாம். ரமணன் அண்ணா அந்த ஆளைச் சந்தையில் கண்டுபிடித்து அந்தக் காசு வைத்த உறையைக் கொடுத்துவிட்டு வந்தார். இறால் சுட்டவரின் கூரைக்குத் தகரம் நாலைந்து வரும்.

விமானம் மூன்று மணி நேரம் தாமதம், ரொறன்ரோவில் பனி. நிலையத்து வாசலில் தர்ஷி டாக்ஸிக்காரருக்கு நாற்பத்தைந்து அமெரிக்க டொலரை எண்ணிக் கொடுக்கிறாள். அக்கா சாதிக்காய்ப் பையைச் சுங்கத்தில் காட்ட வேண்டுமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். காட்டுவோம் அக்கா, உலர்ந்ததுதானே.